சம்பூகனின் கேரக்டர் ஷீட்

(பாகூர் கொம்யூனைச் சேர்ந்த ஒரு கிராமத்து நூலக அறையில், மேசை விளையாட்டு ஆடும் இளைஞர்கள் நடுவே பேசிய உரையின் எழுத்து வடிவம்)



கடந்த சில மாதங்களாக ஞாயிறுதோறும் இந்த அறையில் கூடி ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுகிறீர்கள். வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களும் இருக்கிறீர்கள். கேரக்டர், மான்ஸ்டர், கேம்பெய்ன் என்று தோன்றுவதையெல்லாம் ஒரு பொது நோட்டில் எழுதி வைக்கிறீர்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்து ஆடுகிறார். அந்த நோட்டைப் படித்துவிட்டு வந்து பேசச் சொன்னீர்கள். படித்தேன். பல இடங்களில் சிரித்தேன். சில இடங்களில் பக்கத்தைத் திருப்ப முடியாமல் நின்றேன். நின்ற இடங்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

விளையாட்டைத் தெரியாத தோழர்களும் பின்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். அதில் ஒருவர் கதையை நடத்துகிறவர். டன்ஜன் மாஸ்டர் என்பார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டரை உருவாக்கிக்கொண்டு அந்தக் கதைக்குள் நுழைவார்கள். அந்தக் கேரக்டரின் பலம், அறிவு, ஆயுதம், பூர்வீகம் எல்லாம் எழுதியிருக்கும் தாள்தான் கேரக்டர் ஷீட். “நான் கதவை உடைக்கிறேன்” என்று ஒருவர் சொன்னால், இருபது முகப் பகடையை உருட்டி, உடைந்ததா இல்லையா என்று பார்ப்பார்கள். ஜெயித்தவர் தோற்றவர் என்று யாரும் கிடையாது. கதை வாரக்கணக்கில் போகும். அந்த நீண்ட கதைதான் கேம்பெய்ன்.

சரி, நோட்டுக்கு வருவோம். 23 கேரக்டர்கள் இருக்கின்றன. எண்ணிப் பார்த்தேன், அதில் 14 பேர் அரச வம்சம். நாடு கடத்தப்பட்ட இளவரசர்கள் மட்டும் ஐந்து பேர். இத்தனை இளவரசர்களை நாடு கடத்தினால் அந்த நாட்டில் மிச்சம் யார் இருப்பார்கள் என்று தெரியவில்லை! மீதிப் பேரில் மந்திரவாதியின் மகன், தளபதியின் மகள், தெய்வ அருள் பெற்ற குழந்தை. நடவுக்குப் போகிற ஒரு அம்மாவின் பிள்ளை இல்லை. செங்கல் சூளையில் பிறந்த பெண் இல்லை. இங்கே உட்கார்ந்திருக்கிற உங்களைப் போல ஒரு ஆள் அந்த 23 பேரில் இல்லை.

“விளையாட்டிலுமா சாதியைக் கொண்டு வருகிறீர்கள்?” என்று ஒரு தம்பி இப்போதே முகத்தைச் சுளிக்கிறார். தம்பி, நான் கொண்டு வரவில்லை. பிறப்பு என்பது விதிப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே இருந்தது. எப்படி இருந்தது என்று பார்ப்போம்.

பிறப்பே தொழில்

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதிய இந்த விளையாட்டு 1974-இல் அமெரிக்காவின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்தது. முதல் அச்சு வெறும் 1,000 படிகள். அந்தப் புத்தகத்தில் கேரக்டருக்கு இரண்டு அடையாளங்கள்: ஒன்று ரேஸ், அதாவது பிறந்த இனம், இன்னொன்று க்ளாஸ், அதாவது செய்கிற தொழில். மனிதனாகப் பிறந்தால் எந்தத் தொழிலுக்கும் போகலாம், எவ்வளவு உயரத்துக்கும் ஏறலாம். டுவார்ஃப் என்ற குள்ளர் இனத்தில் பிறந்தால் படைவீரனாக மட்டும்தான் ஆகலாம், அதிலும் ஆறாம் நிலையைத் தாண்ட முடியாது. ஹாபிட்டாகப் பிறந்தவனுக்கு நாலாம் நிலையோடு சரி. எத்தனை ஆண்டு ஆடினாலும், எத்தனை டிராகனைக் கொன்றாலும், பகடையில் எத்தனை முறை இருபது விழுந்தாலும் அவ்வளவுதான்.

1981-இல் புதியவர்களுக்காக வந்த பதிப்பு இன்னும் ஒரு படி போனது. அதில் டுவார்ஃப் என்பதே தொழில், எல்ஃப் என்பதே தொழில். மனிதனைப் பார்த்து “நீ என்ன செய்கிறாய்?” என்று கேட்கலாம். டுவார்ஃபைப் பார்த்து அப்படிக் கேட்க முடியாது, அவன் டுவார்ஃப், அவ்வளவுதான். பிறப்பும் தொழிலும் ஒன்றாகிவிட்டன.

இதைப் படிக்கும்போது நமக்கு வேறொன்று ஞாபகம் வருகிறதா இல்லையா? அண்ணல் அம்பேத்கர் 1936-இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதிய உரை, அந்த மேடையில் பேசவே விடாமல் தடுக்கப்பட்ட உரை, இதைத்தான் பிரித்துக் காட்டியது. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிற மனிதர்களையே பிரித்து ஒருவருக்கு மேல் ஒருவராக அடுக்கியது என்றார்.

கைகாக்ஸ் மனுதர்மத்தைப் படித்துவிட்டு இந்த விதியை எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஐரோப்பியப் புராணங்கள், டோல்கீன் கதைகள், மலிவுவிலைச் சாகசப் பத்திரிகைகள் என்று பல இடங்களிலிருந்து எடுத்தார். ஆனால் ‘பிறப்பு திறமையைத் தீர்மானிக்கும்’ என்ற எண்ணம் எங்கே விதியாக எழுதப்பட்டாலும் அதன் சாயல் ஒன்றாகவே இருக்கிறது. நாம் அதற்குள்ளேயே பிறந்தவர்கள், அதனால் பார்த்ததும் அடையாளம் தெரிகிறது.

இப்போது ஒரு கேரக்டரைச் சொல்கிறேன். இந்த விதிப்படி அவனுக்கு ஒரு ஷீட் எழுதிப் பாருங்கள்.

பெயர் சம்பூகன். பிறப்பு சூத்திரன். அவன் தேர்ந்தெடுத்த தொழில் தவம். வால்மீகி இராமாயணத்தின் உத்தர காண்டத்தில் வருகிறான். ஒரு பார்ப்பனச் சிறுவன் இறந்து போகிறான்; நாட்டில் யாரோ தனக்கு உரிமையில்லாத தவத்தைச் செய்வதுதான் காரணம் என்கிறார்கள். இராமன் தேடிப் போகிறான். தலைகீழாகத் தொங்கித் தவம் செய்கிறவனைப் பார்த்து, நீ யார், என்ன வருணம் என்று கேட்கிறான். சம்பூகன் பொய் சொல்லவில்லை. சூத்திரன் என்று சொன்ன அடுத்த கணம் அவன் தலை கீழே விழுகிறது.

நம் விளையாட்டு மொழியில் சொன்னால், பிறப்புக் கட்டம் அனுமதிக்காத க்ளாஸை எடுத்த கேரக்டர் அவன். பகடை உருட்ட அவனுக்கு ஒரு வாய்ப்புகூடக் கொடுக்கப்படவில்லை. ஏகலைவனுக்குக் கட்டைவிரலோடு போயிற்று, சம்பூகனுக்குத் தலையோடு. நோட்டில் 14 அரச வம்சத்தாருக்கு இடம் கொடுத்த நாம் சம்பூகனுக்கு ஒரு பக்கம் கொடுக்கவில்லை. நம்மை யாரும் தடுக்கவும் இல்லை. இதுதான் என்னை நிறுத்திய முதல் இடம்.

ஊருக்கு வெளியே வசிக்கும் மான்ஸ்டர்

இரண்டாவது இடம், மான்ஸ்டர் பகுதி. அதில் ஒரு பக்கத்தை அப்படியே சொல்கிறேன். எழுதியவர் யார் என்பது இங்கே தேவையில்லை. மான்ஸ்டரின் பெயர் ‘ஏரி இருளன்’. கறுத்த உடம்பு. பேச மொழி கிடையாது. பாம்பையும் எலியையும் தின்னும். அறிவு 4. வசிப்பது ஊருக்கு வெளியே, ஏரிக்கரைப் புதரில். கொன்றால் ஐம்பது புள்ளி.

தோழர்களே, வில்லியனூர், பாகூர்ப் பக்கங்களில் இருளர் குடும்பங்கள் வாழ்கின்றன. புதுச்சேரியில் அவர்கள் பழங்குடியாக அறிவிக்கப்பட்டதே 2016-இல்தான். அதுவரை சாதிச் சான்றிதழுக்கு அலைந்த மக்கள். அந்த வீட்டுப் பெண் ஒருத்தி அடுத்த ஞாயிறு இந்த மேசைக்கு வந்து, நோட்டைப் புரட்டி, இந்தப் பக்கத்தைப் பார்த்தால் நாம் என்ன சொல்வோம்? “சும்மா விளையாட்டுக்கு” என்று சொல்வோமா?

எழுதியவர் இருளர்களை மனதில் வைத்து எழுதவில்லை என்றே நம்புகிறேன். இருட்டு, இருளன் என்று வந்திருக்கலாம். ஆனால் கறுப்பு, ஊருக்கு வெளியே, மொழியில்லை, எதையும் தின்னும் என்ற நான்கும் ஏன் எப்போதும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன? யாரும் சொல்லிக் கொடுக்காமலே நம் கைக்கு அந்த வரிசை வருகிறதே, அதைத்தான் யோசிக்க வேண்டும்.

இந்த விளையாட்டும் அந்த வரிசையை நெடுங்காலம் சொல்லிக் கொடுத்தது. ஓர்க் என்ற இனம் பிறவியிலேயே தீயது என்றது. ட்ரௌ என்ற கருந்தோல் எல்ஃப்கள் நிலத்துக்கு அடியில் வாழும் கொடியவர்கள் என்றது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் பாதி ஓர்க்காகப் பிறந்தவனுக்குப் பலத்தில் இரண்டு கூடும், அறிவில் இரண்டு குறையும். 2016-இல் வந்த ஒரு புத்தகத்தில்கூட ஓர்க்குக்கு அறிவில் இரண்டு குறைத்திருந்தார்கள். உடல் உழைப்புக்கு அவன், மூளை வேலைக்கு வேறு ஒருவன். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா?

பிறவியிலேயே தீயவன் என்று எழுதிவிட்டால் அடுத்த கேள்வி தானாக வரும். சரணடைந்தவனை என்ன செய்வது? அவன் குழந்தைகளை என்ன செய்வது? 2005-இல் ரசிகர்கள் இதைக் கைகாக்ஸிடமே விவாதித்தார்கள். நல்லவர்கள் அப்படிக் கொல்லலாம் என்பதற்கு ஆதரவாக அவர் எடுத்துக்காட்டியது கர்னல் சிவிங்டனின் பெயரால் வழங்கும் ஒரு வாசகம்; ஈரை விட்டுவைத்தால் பேனாகும் என்பது அதன் பொருள். யார் அந்தச் சிவிங்டன்? 1864-இல் சாண்ட் கிரீக் என்ற இடத்தில் செயென், அரபாஹோ மக்களின் முகாமைத் தாக்கிய படையின் தலைவர். அங்கே செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள்.

நமக்குக் கீழ்வெண்மணி இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு ஒரு குடிசைக்குள் எரிந்து போன 44 பேரில் குழந்தைகள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியும். ‘அவர்கள் எல்லாருமே அப்படித்தான்’ என்ற ஒரு வரியை மனிதர்கள் நம்பத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்று வேறு யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மேசையில் ஓர்க்கைக் கொல்கிறவன் நாளை தெருவில் கொலை செய்வான் என்று நான் சொல்லவில்லை. அது மூடத்தனம். ‘பிறவிக் கெட்டவன்’ என்ற சொல்லைப் பழகிப் பழகிச் சாதாரணமாக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

அரக்கனுக்கும் ஒரு திரை

இந்தியாவுக்கும் அந்த மான்ஸ்டர் பட்டியலில் ஒரு இடம் உண்டு. 1977-இல் வந்த ‘மான்ஸ்டர் மேனுவல்’ புத்தகத்தில் ராட்சசன் இருக்கிறான். புலித்தலை. குணம் ‘லாஃபுல் ஈவில்’, அதாவது ஒழுங்கும் கட்டுப்பாடும் உள்ள தீயவன். ஆசி பெற்ற அம்பு பட்டால் உடனே செத்துவிடுவான். ஆசி கொடுக்கிறவர் யார், தீயவன் என்று முடிவு செய்தவர் யார் என்று அந்தப் பக்கத்தில் இல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். மகாத்மா பூலே 1873-இல் ‘குலாம்கிரி’ எழுதினார். அவதாரக் கதைகளைப் படையெடுப்பின் கதைகளாகத் திருப்பிப் படித்தார். ராட்சசன் என்று இழிக்கப்பட்டவர்கள் இந்த மண்ணைக் காத்தவர்கள் என்றார். தந்தை பெரியார் இராமாயணத்தில் வருகிற ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு, அவர்கள் செய்ததையும் சொன்னதையும் வைத்து எடைபோட்டு, ‘இராமாயணப் பாத்திரங்கள்’ எழுதினார். பாத்திரங்கள் என்றால் என்ன? கேரக்டர்கள்! அதன் இந்தி மொழிபெயர்ப்பை லலாய் சிங் வெளியிட்டார். உத்தரப்பிரதேச அரசு 1969-இல் தடை செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1976-இல் புத்தகம் ஜெயித்தது. புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ 1946-இல் வந்தது, 1948-இல் தடை செய்யப்பட்டது, 1971-இல்தான் தடை நீங்கியது. கேரக்டரை மாற்றி எழுதுவது வெறும் விளையாட்டு என்றால் அரசாங்கங்கள் ஏன் இத்தனை ஆண்டுகள் அதைப் பிடித்து வைத்திருந்தன?

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். இராமனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இராவணனை வைத்தால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். வால்மீகியின் இராவணன் புலத்தியரின் பேரன், பெரிய அரசன். அரசனுக்குப் பதில் அரசன் என்றால் சம்பூகன் இன்னும் வெளியேதான் நிற்கிறான்.

வேறு என்ன செய்யலாம்? தெருக்கூத்தைப் பாருங்கள். நம் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது விடிய விடியக் கூத்து பார்த்து வளர்ந்தவர்கள்தான் நாம். கூத்தில் ஒரு பாத்திரம் எப்படி உள்ளே வருகிறது? இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். திரைக்குப் பின்னால் நின்று அது தன்னைப் பற்றிப் பாடும். துரியோதனனுக்கும் திரை உண்டு, இரணியனுக்கும் உண்டு. அவன் யார், அவனுக்கு என்ன கோபம், அவன் பக்கத்து நியாயம் என்ன என்று அவன் வாயாலேயே கேட்ட பிறகுதான் சண்டை. நடுவில் கட்டியங்காரன் வேறு. ராஜாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கிண்டல் செய்வான். கூத்துக்குள் சாதி இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எந்தத் தெருவில் ஆடுகிறார்கள், யார் பாயில் உட்காருகிறார்கள், யார் ஓரத்தில் நிற்கிறார்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஆனாலும் எதிரிக்கும் ஒரு திரை பிடிக்கிற அந்த வழக்கத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம். பேச வாயில்லாத மான்ஸ்டரை எழுதாதீர்கள். உங்கள் ஏரிக்கரை ஆளுக்கும் ஒரு திரை பிடியுங்கள். அவன் என்ன சொல்கிறான் என்று கேளுங்கள். ஏரியை யார் ஆக்கிரமித்தார்கள் என்று அவன் சொல்லக்கூடும்.

பெயரை மாற்றினால் போதுமா?

விளையாட்டை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனமும் மாறியிருக்கிறது. அதையும் சொல்லியாக வேண்டும். 2020-இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு கருப்பின மக்களின் போராட்டம் எழுந்த நேரத்தில், ஓர்க்கையும் ட்ரௌவையும் இதுவரை சித்தரித்த விதம் நிஜ உலகில் சில இனங்களை இழிவுபடுத்திய விதத்தை ஒத்திருக்கிறது என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு, பிறந்த இனத்துக்கென்று நிர்ணயித்த திறன் புள்ளிகளை வேண்டிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று விதி வந்தது. 2024-இல் வந்த புதிய புத்தகத்தில் ‘ரேஸ்’ என்ற சொல்லே போய்விட்டது. ‘ஸ்பீஷீஸ்’ என்ற சொல் வந்தது. பிறப்புக்கும் திறன் புள்ளிக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்தது.

நல்ல மாற்றம்தான். ஆனால் அவிழ்த்த முடிச்சை எங்கே போட்டார்கள் தெரியுமா? ‘பேக்ரவுண்ட்’ என்ற கட்டத்தில், அதாவது சாகசத்துக்கு வருவதற்கு முன் என்ன தொழில் செய்தாய் என்ற இடத்தில். புத்தகத்தில் 16 பின்புலங்கள் இருக்கின்றன. விவசாயி என்றால் பலம், உடல் உறுதி, பட்டறிவு ஆகிய மூன்றில் புள்ளியைக் கூட்டலாம். நூலறிவில் கூட்ட முடியாது. எழுத்தர் என்றால் கைலாவகம், நூலறிவு, பட்டறிவு. எழுத்தருக்குப் பலம் கூடாது.

பிறப்பால் இல்லை, குணத்தாலும் தொழிலாலும்தான் வருணம் என்று இன்றும் மேடையில் விளக்கம் கொடுக்கிறவர்களைக் கேட்டிருப்பீர்கள். அந்த விளக்கத்தில் உள்ள ஓட்டையும் இந்தக் கட்டத்தில் உள்ள ஓட்டையும் ஒன்றுதான். தொழிலையே பிறப்பு தீர்மானிக்கிற நாட்டில், தொழிலால் திறமை என்றால் அது சுற்றி வந்து பிறப்பிலேயே நிற்கும். நடவு நடுகிற பெண்ணுக்கு எத்தனை நெல் ரகம் தெரியும், எந்த மண்ணுக்கு எந்தப் பட்டம் என்று தெரியும். இது நூலறிவு இல்லையென்றால் நூலில் எழுதாதது நூலின் குறை. நல்லவேளையாக, நடத்துகிறவர் தானே புதிய பின்புலங்களை உருவாக்கிக்கொள்ளவும் அதே பதிப்பு வழி சொல்கிறது. அந்த வழியை நாம் பயன்படுத்த வேண்டும்.

சொல் மாறுவது வீண் என்று சொல்ல மாட்டேன். 2025-இல் தமிழ்நாடு முதலமைச்சர் சட்டமன்றத்தில், ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார். அந்தச் சொல்லை முகவரியில் எழுதி அவமானப்பட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் சொல் போன பிறகும் அந்தத் தெருவுக்குத் தனிச் சுடுகாடு இருந்தால் வேலை மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

பேனாவைப் பிடித்தவர்கள்

இந்த மாற்றங்களை நிறுவனம் தானாகக் கொடுக்கவில்லை. மேசையில் உட்கார்ந்த கருப்பின மக்கள், ஆசிய மக்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள். பிறகு தாங்களே எழுதினார்கள். 2022-இல் ‘ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டடல்’ என்ற புத்தகம் வந்தது. 13 சாகசங்கள், எழுதியவர்கள் அனைவரும் வெள்ளையர் அல்லாதவர்கள். அதில் வங்காள மண்ணின் ஆறுகளையும் ஊர்களையும் நினைவூட்டும் ஒரு சாகசம் உண்டு. எழுதியவர் மிமி மண்டல், கொல்கத்தாவில் பிறந்த தலித் எழுத்தாளர். ஆக்டேவியா பட்லரைப் பற்றி அவர் இணைந்து தொகுத்த நூல் 2018-இல் ஹியூகோ விருதின் இறுதிப் பட்டியலுக்குப் போனது, லோகஸ் விருது வாங்கியது.

அந்தப் புத்தகத்தின் திட்டத்தை இணைந்து வழிநடத்தியவர் அஜித் ஜார்ஜ். அவர் பணியாற்றும் இன்னொரு இடம் நமக்குப் பக்கம்தான்: தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 1997-இல் தொடங்கிய சாந்தி பவன் உறைவிடப் பள்ளி. வறுமையிலும் சாதி ஒடுக்குமுறையிலும் பிறந்த பிள்ளைகளுக்காக அவர் தந்தை ஆபிரகாம் ஜார்ஜ் நிறுவியது. இந்த விளையாட்டின் விதியை மாற்றி எழுதியவர்களில் நம் பக்கத்து வாழ்க்கையை அறிந்தவர்களும் இருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். எங்கேயோ இருக்கிறவர்களின் விளையாட்டு என்று ஒதுங்க வேண்டியதில்லை.

நம் புதுச்சேரிக்கே கேரக்டரை மாற்றி எழுதிய ஒரு வரலாறு உண்டு. 1873-இல் பொன்னுத்தம்பி என்ற வழக்கறிஞர் காலில் ஷூ போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனார் என்பதற்காக வெளியேற்றப்பட்டார். பாரிஸ் வரை போய் வழக்கில் வென்றார். 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணைப்படி, பிரெஞ்சு இந்தியாவில் இருந்தவர்கள் தங்கள் சாதி, மதச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வரலாம் என்றானது. துறந்தவர்கள் புதிதாக ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொன்னுத்தம்பி ‘லா போர்த்’ என்ற பெயரை எடுத்தார்; பிரெஞ்சில் ‘கதவு’ என்று பொருள். ஒடுக்கப்பட்ட மக்கள் பலரும் அந்தக் கதவு வழியே போனார்கள். ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, பிறப்பு எழுதிய பெயரை அடித்துவிட்டுத் தான் விரும்பிய பெயரை எழுதினார்கள். அதுவும் ஒரு கேரக்டர் ஷீட்தான், ஆனால் உயிரைப் பணயம் வைத்து எழுதியது. சாதி இந்துக்கள் சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் எதிர் அணி கட்டினார்கள். பெயர் மாறியும் சாதி விடவில்லை. ஆனாலும் ஒன்று நிரூபணமானது: பிறப்புக் கட்டத்தில் எழுதியிருப்பது ஒருவர் கை எழுதியது, இன்னொருவர் கையால் அதை அடிக்க முடியும்.

இனி நோட்டில் எழுதும்போது

மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறேன். விதியாக இல்லை, ஆடிப் பார்க்கச் சொல்கிறேன்.

ஒன்று: கேரக்டரின் பூர்வீகத்தில் அரச ரத்தம் வேண்டாம். ஆறு மாதத்துக்கு மட்டும். உங்கள் தெருவில் ஒருவரைப் பார்த்து எழுதுங்கள். மேளம் கட்டுகிறவர், பால் சொசைட்டிக்குப் போகிறவர், மேட்டுப்பாளையம் கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து வருகிறவர். ஆடும்போது இளவரசனைவிட அவர்களுக்குத்தான் தந்திரம் அதிகம் தேவைப்படும். ஆட்டமும் சூடு பிடிக்கும்.

இரண்டு: தீமையை ஒரு இனத்தில் வைக்காதீர்கள், ஒரு ஏற்பாட்டில் வையுங்கள். ‘லாஃபுல் ஈவில்’ என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. சட்டம் போட்டு, சாஸ்திரம் எழுதி, ஒழுங்காக, அமைதியாகச் செய்யப்படும் தீமையை நாம் அறிவோம். அதற்குக் கொம்பும் கோரைப்பல்லும் தேவையில்லை.

மூன்று: தமிழில் எழுதுங்கள். 2023 ஜனவரியில் இந்த விளையாட்டின் அடிப்படை விதித் தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். டன்ஜன் மாஸ்டருக்கு ‘கட்டியங்காரன்’ என்று பெயர் வைத்தால் எப்படி இருக்கும்? பெண் நடத்தினால் ‘கட்டியங்காரி’. ராஜாவைக் கிண்டல் செய்யும் உரிமையோடு கதையை நடத்துகிறவர். மாஸ்டர் என்ற சொல்லைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

நானும் வெறுங்கையோடு வரவில்லை. ஒரு கேம்பெய்ன் கொண்டு வந்திருக்கிறேன். எடுத்து ஆடுங்கள்.

களம் இதே பாகூர். காலம் ஒன்பதாம் நூற்றாண்டு, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டு. இங்கே ஒரு வித்யாஸ்தானம் இருந்தது. வேதமும் சாஸ்திரமும் சொல்லிக் கொடுத்த கல்விக்கூடம். அதற்கு மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்ததைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது: சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி. கல்விக்கூடத்தின் பெருமையை எல்லாரும் பேசுகிறார்கள். அந்த மூன்று ஊரில் சேற்றில் இறங்கியவர்களின் பெயர் எந்தத் தகட்டிலும் தேடிக் கிடைக்காது. விளைந்தது அவர்கள் கையில், படித்தது வேறு யாரோ.

உங்கள் கேரக்டர்கள் அந்த ஊர்களிலிருந்து வருகிறார்கள். அறுவடை முடிந்து நெல் வண்டிகள் வித்யாஸ்தானத்துக்குப் போகின்றன. வண்டியோடு போகிறவர்களில் ஒருவன் பெயர் சம்பூகன். அவனுக்கு உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை. வாசலில் காவல். உள்ளே ஓலைச்சுவடிகள். வெளியே ஏரிக்கரையில், ஊரார் மான்ஸ்டர் என்று சொல்லிப் பயமுறுத்தும் ஒருவர். அவருக்குக் காட்டு வழி எல்லாம் தெரியும். முதல் ஆட்டத்திலேயே அவருக்கு ஒரு திரை பிடியுங்கள்.

இந்த முறை யாரும் பகடை உருட்டுவதற்கு முன்னால் தலையை வெட்டக் கூடாது. அது ஒன்றுதான் நான் போடும் விதி. மீதி எல்லாவற்றையும் உருட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். அவன் உள்ளே போகலாம், மாட்டிக்கொள்ளலாம், சுவடியைப் படித்துவிட்டு ‘இவ்வளவுதானா?’ என்று சிரிக்கலாம், வெளியே வந்து ஏரிக்கரையில் தன் பள்ளிக்கூடத்தைத் தொடங்கலாம்.

கடைசியாக ஒன்று. கதையை எவ்வளவு மாற்றினாலும் மேசை மாறாவிட்டால் பயனில்லை. இந்த அறையில் யார் நடத்துகிறார்கள், யார் எப்போதும் டீ வாங்கி வருகிறார்கள், யார் வீட்டுக்கு விளையாடப் போகிறோம், யார் வீட்டுக்குப் போவதில்லை? நடத்தும் பொறுப்பு மாதம் ஒருவர் என்று சுற்றி வரட்டும், பெண்களிடமும் வரட்டும். ஆட்டமும் தெருத் தெருவாகச் சுற்றட்டும். ஊர்த்தெருவில் ஒரு ஞாயிறு ஆடினால் அடுத்த ஞாயிறு சேரியில் ஆடுங்கள். ஒரு தட்டு முறுக்கை நடுவில் வைத்து எல்லாரும் எடுத்துத் தின்னுங்கள். இளவரசர்கள் நிறைந்த எந்தக் கேம்பெய்னிலும் நடக்காத சாகசம் அது.

ஆடுங்கள். எழுதுங்கள். அடித்து எழுதுங்கள்.

ஜெய்பீம்.